தோட்டா நிரப்புவதா, .22-ஆ, ஏர் ரைஃபிளா? புதுச்சேரி, கடலூரில் ரைஃபிள் தொடங்குபவருக்கு ஓர் ஒப்பீடு

புதுச்சேரியில் இந்தக் கேள்வி இரண்டு பக்கமிருந்து வருகிறது. ஒரு பக்கம், பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற சொல்தா வீட்டுப் பிள்ளைகள். பிரான்சில் இருக்கும் பெரியப்பாவோ மாமாவோ சுடும் கழகத்தில் உறுப்பினராக இருப்பார். வார இறுதியில் மேசையில் பிரஸ் என்ற அழுத்து கருவியைப் பொருத்தி, காலி உறையில் வெடிமருந்தும் குண்டும் சேர்த்துத் தனக்கு வேண்டிய தோட்டாவைத் தானே நிரப்பிக்கொள்வார். விடுமுறைக்குப் போனபோது அதைப் பார்த்தவர்கள் இங்கேயும் அப்படிச் செய்ய ஆசைப்படுகிறார்கள். இன்னொரு பக்கம், அமெரிக்காவில் சில வருடம் வேலை பார்த்துவிட்டுக் கடலூர் திரும்பியவர்கள், அல்லது யூடியூபில் பார்த்தே ஆர்வம் பிடித்துக்கொண்ட இளைஞர்கள். இரு தரப்பும் கேட்பது ஒன்றுதான்: காலி உறை, ஊசி தட்டினால் தீப்பொறி தரும் பிரைமர், மருந்து, குண்டு இந்த நான்கும் கிடைத்தால் வீட்டிலேயே தொடங்கலாமா? முடியாதென்றால் .22 (0.22 அங்குலக் குழல்) ரைஃபிளுக்கு உரிமம் கேட்பதா, காற்றின் அழுத்தத்தில் சுடும் ஏர் ரைஃபிள் வாங்குவதா?

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டில் தோட்டா நிரப்புவது இங்கே வழியே இல்லை. தொடங்குபவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு 10 மீட்டர் ஏர் ரைஃபிள்தான் சரி. .22 சிலருக்குப் பொருந்தும், அதுவும் இரண்டாம் கட்டமாக. தோட்டா நிரப்பும் ஆசையைக் குறைத்துப் பேசுவதாக எண்ண வேண்டாம். காசு மிச்சம் என்பது அதில் பாதிதான். ஒவ்வொரு தோட்டாவும் அடுத்ததைப் போலவே இருக்க வேண்டும் என்ற பிடிவாதம் மறுபாதி. நல்ல ரைஃபிள்காரரை உருவாக்குவது அந்தப் பிடிவாதம்தான். அதற்கு நம் ஊரிலும் இடம் உண்டு. மருந்து டப்பாவுக்குப் பதில் பெல்லட் (ஏர் ரைஃபிளின் சிறு ஈயக் குண்டு) டப்பாவில் அதைக் காட்ட வேண்டும், அவ்வளவே.

## எதை வைத்து எடை போடுவது

முதலில் சட்டம். அதில் தேறாத வழிக்கு விலையும் துல்லியமும் பார்த்துப் பயனில்லை.

அடுத்து வீடு. நம் வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டியவை. மாடியில் துணி காயப்போடுவார்கள், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் ஓடுவார்கள். தவறிப் போன ஒரு குண்டு எவ்வளவு தூரம் போகும், வீட்டில் இருக்கும் பொருளால் யாருக்கு என்ன ஆபத்து என்பதை முதல் நாளே கேட்டுக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது முழுச் செலவு. கடையில் சொல்லும் விலை அதில் ஒரு பகுதிதான். பயணம், பெல்லட், ஏர் ரைஃபிளில் நிரப்பும் காற்று, பராமரிப்பு, உரிமப் புதுப்பிப்பு எல்லாவற்றையும் மூன்று வருடத்துக்குக் கூட்டிப் பாருங்கள்.

நான்காவதுதான் எனக்கு முக்கியம்: வாரத்துக்கு எத்தனை முறை சுட முடியும்? மாதம் ஒருமுறை ஐம்பது சுற்று சுடுபவரைவிட, தினமும் அரை மணி நேரம் நிலைபிடித்து நிற்பவர் வேகமாக முன்னேறுவார். கடைசியாக, அந்த வழி எங்கே கொண்டு போகும்: மாவட்டப் போட்டி, மாநிலம், தேசியம் என்று படி ஏறுமா, பாதியில் முட்டிக்கொண்டு நிற்குமா?

## வீட்டில் தோட்டா நிரப்புவது

1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு, உரிமம் இல்லாமல் ஆயுதமோ தோட்டாவோ தயாரிக்கக் கூடாது என்கிறது. கையில் ரைஃபிள் உரிமம் இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். அது துப்பாக்கியை வைத்துக்கொள்ளவும், குறித்த எண்ணிக்கையில் தோட்டா வாங்கவும் தரப்பட்ட உரிமம். தயாரிப்பு உரிமம் வேறு. வீட்டு மேசையில் பொழுதுபோக்காகச் செய்பவருக்கு அது எட்டாது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, இதை மீறித் தயாரிப்பவருக்கு 7 ஆண்டுக்குக் குறையாத சிறை. ஆயுள் வரையும் போகலாம்.

பலர் கவனிக்காத இடம் ஒன்று உண்டு. அதே சட்டம் தோட்டா என்பதற்குத் தரும் வரையறைக்குள் தோட்டாவின் பாகங்களும் வருகின்றன, அதைத் தயாரிக்கும் இயந்திரங்களும் வருகின்றன. ஊருக்கு வரும்போது ஒரு பிரஸ்ஸும் இரண்டு டையும் (உறைக்கு வடிவம் தரும் அச்சு) பெட்டியில் போட்டு வருகிறேன், மருந்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர், மருந்து வாங்கும் முன்பே சிக்கலில் இருக்கிறார். இறக்குமதிக்குத் தனி உரிமம் வேண்டும் என்று 10-ஆம் பிரிவு சொல்கிறது. கைப்பையின் மூலையில் மறந்துபோன ஒற்றைத் தோட்டாவுக்காக விமான நிலையத்தில் வழக்கு பதிவான செய்திகளை நாம் அடிக்கடி படிக்கிறோம். பெரியப்பா நினைவாகத் தந்த உறையாக இருந்தாலும் அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.

மருந்தும் பிரைமரும் வெடிபொருள்கள். அவற்றுக்கு 1884-ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டமும் 2008-ஆம் ஆண்டு விதிகளும் பொருந்தும். சட்டத்தைத் தள்ளி வைத்துவிட்டுப் பார்த்தாலும், மே மாத வெயிலும் ஐப்பசி, கார்த்திகை ஈரமும் மாறி மாறி அடிக்கும் கடலோர வீட்டில் மருந்தைச் சீராக வைத்திருப்பதே பெரும்பாடு. உறைக்குள் ஒருமுறை அளவு கூடிப் போனால் துப்பாக்கியின் அறை அந்த அழுத்தத்தைத் தாங்காது; முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் அது நடக்கும். 2020 செப்டம்பரில் காட்டுமன்னார்கோவில் அருகே குருங்குடியில் பட்டாசு ஆலை வெடித்ததைக் கடலூர் மாவட்டம் மறந்திருக்காது. மருந்தோடு பழகும் தொழிலாளர்களுக்கே அந்தக் கதி என்றால், வீட்டு அறையில் அதைக் கொண்டுவந்து வைக்க எனக்கு மனம் ஒப்பாது.

இதையெல்லாம் விட எளிய ஒரு காரணமும் இருக்கிறது. தொடங்குபவர் கைக்கு வரும் .22 தோட்டாவை நிரப்பவே முடியாது. அதில் தட்டினால் தீப்பிடிக்கும் கலவை, உறையின் அடிப்பக்க விளிம்புக்குள் அடைக்கப்பட்டிருக்கிறது. சுடும்போது ஊசி அந்த விளிம்பை நசுக்கிவிடும். உறை அதோடு முடிந்தது. நிரப்பும் கலை முழுவதும் நடுவில் தனி பிரைமர் உள்ள பெரிய தோட்டாக்களுக்கானது. அவற்றைக் கொண்டு சுடும் 300 மீட்டர் ரைஃபிள் 1972-க்குப் பிறகு ஒலிம்பிக்கில் இல்லை. இன்று ஒலிம்பிக்கில் ரைஃபிள் என்றால் 10 மீட்டர் ஏர் ரைஃபிளும் 50 மீட்டர் .22-உம்தான். அதாவது, இந்தியாவுக்காகப் போட்டியிடும் அளவுக்கு உயர்ந்தாலும் ஒரு தோட்டாகூட நிரப்பத் தெரிய வேண்டியதில்லை.

காசுக் கணக்கும் அப்படி ஒன்றும் சாதகமாக இல்லை. அனுமதி உள்ள நாடுகளில்கூட பிரஸ், டை, தராசு, அளவுமானி என்று முதலில் போட்ட பணம் திரும்பி வர ஆயிரக்கணக்கில் சுட வேண்டும். கையில் மிச்சம் நிற்பதில்லை, அதே பணத்துக்கு இன்னும் அதிகம் சுடுவார்கள்.

இது சரியான வழியாக இருப்பது ஒரே ஒரு சூழலில்: பிரான்சிலோ அமெரிக்காவிலோ நிலையாக வாழ்கிறீர்கள், அந்நாட்டுச் சட்டம் அனுமதிக்கிறது, பெரிய ரைஃபிளில் தொலைதூரம் சுடுகிறீர்கள், அங்கே கற்றுத்தர அனுபவசாலி இருக்கிறார். அங்கே செய்யுங்கள், நிறைய கற்றுக்கொள்வீர்கள். ஊருக்கு வரும்போது குறிப்பேட்டை மட்டும் கொண்டு வாருங்கள்.

## .22 ரைஃபிள், ஆலைத் தோட்டாவுடன்

.22 கையில் கிடைத்தவருக்கு அதன் சுகம் தெரியும். 1887-இலிருந்து புழக்கத்தில் இருக்கும் தோட்டா இது. குண்டின் எடை பொதுவாக 40 கிரெய்ன், அதாவது 2.6 கிராம். போட்டித் தோட்டாக்கள் ஒலியின் வேகத்துக்குச் சற்றுக் கீழே பறக்கும்படி செய்யப்படுகின்றன, உதைப்பு சொற்பம். 50 மீட்டர் இலக்கில் பத்தாம் வளையத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர். நின்று, மண்டியிட்டு, படுத்து என மூன்று நிலையிலும் சுட வேண்டும். 2024 பாரிஸில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வென்றது இந்தப் பிரிவில்தான்.

ஆனால் இது நெருப்புத் துப்பாக்கி. உரிமம் இல்லாமல் தொட வழியில்லை. விண்ணப்பம், காவல்துறை விசாரணை, ஆயுதப் பாதுகாப்புப் பயிற்சிச் சான்று, அதன் பிறகு மாவட்ட நிர்வாகத்தின் முடிவு. எத்தனை மாதம் ஆகும் என்று யாரும் உறுதி தர முடியாது. கிடைத்தபின் 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 21 வயது நிறையாதவர் தன் பெயரில் வைத்துக்கொள்ள முடியாது. பயிற்சி பெறும் சிறுவர்களுக்கு விதிகளில் தனி ஏற்பாடு இருக்கிறது. ஆகவே பெரும்பாலோர் செல்ல வேண்டிய பாதை, அங்கீகாரம் பெற்ற ரைஃபிள் கிளப்பில் சேர்ந்து கிளப் ரைஃபிளில் அங்கேயே சுடுவது. சொந்த ரைஃபிள் பற்றிய யோசனை ஒரு வருடம் கழிந்து வரட்டும்.

நம் பக்கத்துக்கே உரிய சிக்கல் ஒன்று எல்லை. கடலூரிலிருந்து கிளம்பி முள்ளோடையைத் தாண்டினால் மாநிலம் மாறிவிடுகிறது. நமக்கு அது தினசரி வேலைக்குப் போகும் சாலை. ஆனால் துப்பாக்கி உரிமத்தில் அது எந்த எல்லைக்குள் செல்லும் என்று எழுதியிருக்கும். பாகூர்ப் பக்கத்தில் ஒரே தெருவில் நடந்து போகும்போதே புதுச்சேரியும் தமிழ்நாடும் மாறி மாறி வருவது உண்டு. ஆகவே விண்ணப்பிக்கும்போதே பயிற்சி எங்கே, போட்டி எங்கே என்று யோசித்து, அதற்கேற்ற எல்லையைக் கேட்க வேண்டும். எந்தச் சங்கத்தின் பெயரில் போட்டியிடப் போகிறீர்கள் என்பதையும் அப்போதே முடிவு செய்யுங்கள்; புதுச்சேரிக்கும் தமிழ்நாட்டுக்கும் சங்கம் வேறு வேறு.

மறைந்திருக்கும் செலவுகளில் பெரியது பயணம். தவறிய .22 குண்டு ஒன்றரை கிலோமீட்டர் வரை போகக்கூடியது. அதனால் முறையான மண்மேடு உள்ள சுடுதளத்துக்கு (ரேஞ்ச்) வெளியே சுட இடமே கிடையாது. தினமும் போய்வர ரேஞ்ச் பக்கத்தில் இல்லையென்றால், வாரம் ஒருமுறைப் பயிற்சியாக அது சுருங்கிவிடும். தேர்தல் அறிவிப்பு வந்தால் உரிமத் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வதும் வழக்கம். போட்டிக்காரர்கள் விலக்குக் கேட்கலாம். அதற்கும் கடிதம், காத்திருப்பு.

தோட்டாவில் துல்லியம் தேட விரும்புகிறவருக்கு இங்கே ஒரு வழி இருக்கிறது. நிரப்ப முடியாது, தேர்ந்தெடுக்கலாம். ஈலி, எஸ்கே, ஆர்டபிள்யூஎஸ், லாப்புவா என எந்தப் பெயராக இருந்தாலும், ஒரே வகைத் தோட்டாவின் வெவ்வேறு தொகுதிகள் ஒரே குழலில் சுட்டாலும் இலக்கில் ஒன்று நெருங்கியும் இன்னொன்று சிதறியும் விழும். பெரிய ஆட்டக்காரர்கள் தங்கள் குழலுக்கு எந்தத் தொகுதி ஒத்துப்போகிறது என்று சோதித்து, அதையே மொத்தமாக வாங்குகிறார்கள். நாமோ கிடைக்கும் தொகுதியோடு வாழப் பழக வேண்டியிருக்கிறது. இறக்குமதித் தோட்டா சங்கம் வழியாகவே பெரும்பாலும் வரும். வேண்டியபோது வேண்டிய அளவு கிடைக்கும் என்று நம்பிப் பயிற்சித் திட்டம் போடாதீர்கள்.

.22 யாருக்குப் பொருந்தும் என்றால், நல்ல கிளப் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பவருக்கு, ஏற்கெனவே ஏர் ரைஃபிளில் நிலை பிடிக்கக் கற்றவருக்கு, மூன்று நிலைப் போட்டியில் மனம் பதிந்தவருக்கு.

## 10 மீட்டர் பிசிபி ஏர் ரைஃபிள்

பிசிபி என்பது அழுத்திய காற்றைச் சிலிண்டரில் நிரப்பி வைத்துச் சுடும் ரைஃபிள். 4.5 மில்லிமீட்டர் பெல்லட், அரை கிராம் சுற்றி எடை, நொடிக்கு 170 மீட்டர் சுற்றி வேகம். கணக்குப் போட்டால் 8 ஜூல் வராது. .22 குண்டின் ஆற்றல் 140 ஜூலுக்குப் பக்கம். இந்த வித்தியாசம்தான் ஒன்றை வீட்டுக்குள் விடுகிறது, மற்றதை வெளியே நிறுத்துகிறது.

2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, குழல் அளவு 4.5 மில்லிமீட்டரையும் ஆற்றல் 20 ஜூலையும் தாண்டாத ஏர் ரைஃபிளுக்கு உரிமம் தேவையில்லை. இரண்டு எல்லையும் சேர்ந்தே பொருந்த வேண்டும். 5.5 மில்லிமீட்டர் குழலைக் காட்டி இதற்கும் உரிமம் வேண்டாம் என்று சொல்லி விற்பவரிடம் வாங்காதீர்கள். அடையாளச் சான்று கொடுத்து, ரசீதோடு வாங்குங்கள். ரசீதில் குழல் அளவும் வரிசை எண்ணும் இருக்கட்டும். எடுத்துச் செல்லும்போது பெட்டிக்குள் இருக்க வேண்டும், ரசீதின் நகலும் பெட்டிக்குள் இருக்க வேண்டும். பார்ப்பவருக்கு அது துப்பாக்கியாகத்தான் தெரியும்.

துல்லியத்துக்கு வருவோம். 10 மீட்டர் இலக்கில் பத்தாம் புள்ளியின் விட்டம் அரை மில்லிமீட்டர். ஒன்பதாம் வளையம் 5.5 மில்லிமீட்டர். கறுப்பு வட்டம் முழுவதுமே 30.5 மில்லிமீட்டர்தான். 75 நிமிடத்தில் 60 சுட வேண்டும். ஒவ்வொன்றும் தசமத்தில் எண்ணப்படும், உச்சம் 10.9. 2008 பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றது இதில்; அவர் பயிற்சி செய்தது பெரும்பாலும் தன் வீட்டு ரேஞ்சில். 2012 லண்டனில் வெண்கலம் வென்ற ககன் நாரங் சென்னையில் பிறந்தவர். நம் கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் அகமதாபாத்தில் வளர்ந்து, 2019-இல் ரியோ உலகக் கோப்பையில் தங்கம் வென்று, டோக்கியோவுக்கும் பாரிஸுக்கும் போனதும் இதே பிரிவில்தான். ஊர்க்காரப் பெண்ணின் பெயர் உலகப் பட்டியலில் முதலிடத்தில் வந்ததைப் பார்த்த பிறகும், இதைப் பலூன் சுடும் விளையாட்டு என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது.

### வீட்டு ரேஞ்ச்

சுடும் கோட்டிலிருந்து இலக்குக்கு 10 மீட்டர். நிற்க இடமும் பின்னால் தடுப்பும் சேர்த்து 12 மீட்டர் வேண்டும். புதுச்சேரித் தமிழர் தெருக்களில் தெருவாசலிலிருந்து கொல்லை வரை நீளும் பழைய வீடுகள் இதற்கு வரம். இலக்கின் மையம் தரையிலிருந்து 1.40 மீட்டர். முன்பக்கம் சாய்ந்த இரும்புத் தகடு பெல்லட்டைக் கீழே பெட்டிக்குள் தள்ளும்படி வையுங்கள். அதற்குப் பின்னால் தடித்த பலகை, ரப்பர் விரிப்பு. சுடும் பாதையில் பக்கவாட்டுக் கதவு எதுவும் திறக்கக் கூடாது. இருந்தால் சுடும் நேரத்தில் உள்தாழ் போட வேண்டும். கண்ணாடி அணியாமல் யாரும் அங்கே நிற்கக் கூடாது. மொட்டை மாடியை நான் ஏற்பதில்லை. காற்றும் வெயிலும் சுடுவதைக் கெடுக்கும், கைப்பிடிச் சுவரைத் தாண்டினால் அடுத்த வீடு.

12 மீட்டர் இல்லையென்றால் மனம் தளர வேண்டாம். 5 மீட்டரில் சிறிதாக்கிய இலக்கை ஒட்டலாம். பெல்லட்டே இல்லாமல் வெறும் விசை இழுக்கும் பயிற்சி இன்னும் நல்லது. போட்டி ரைஃபிள்களில் அதற்கென்றே தனி அமைப்பு இருக்கும்.

பெல்லட் ஈயம். சுட்டபின் கை கழுவாமல் சாப்பிடக் கூடாது, உதட்டில் கவ்வி வைத்துக்கொள்ளும் பழக்கம் கூடாது, பெட்டியைக் காலி செய்யும்போது குழந்தைகள் பக்கத்தில் வேண்டாம்.

### பெல்லட் தேர்வு

தோட்டா நிரப்ப ஆசைப்பட்டவருக்கு நான் காட்ட விரும்பும் இடம் இதுதான். போட்டி பெல்லட் டப்பாவில் 500 இருக்கும். தலை தட்டையாக, இடுப்பு ஒடுங்கி, பின்பக்கம் பாவாடை மாதிரி விரிந்து உள்ளே குழிந்திருக்கும். ஒரு வெள்ளைத் துணியில் கொஞ்சம் கொட்டி, ஒவ்வொன்றாக எடுத்து அந்த விளிம்பை விளக்குக்கு எதிரே பாருங்கள். பயணத்தில் நசுங்கியவை கண்ணுக்கே தெரியும். விளிம்பில் வட்டம் கெட்டு ஒரு பக்கம் சப்பையாக இருக்கும். அதைத் தனியே வையுங்கள், தொடக்கச் சுடுதலுக்கு ஆகும். மீதியைக் கண்ணாடித் தகட்டில் உருட்டினால் நேரே ஓடாமல் வளைந்து திரும்புபவை தெரியவரும். மில்லிகிராம் காட்டும் தராசு இருந்தால் எடை வாரியாகவும் பிரிக்கலாம்.

அடுத்தது தலை அளவு. ஒரே பெல்லட் 4.48, 4.49, 4.50 என்று நூறில் ஒரு மில்லிமீட்டர் வித்தியாசத்தில் வருகிறது. உங்கள் குழலுக்கு எது பிடிக்கும் என்பதை யாரும் சொல்லித் தர முடியாது, சோதித்தால்தான் தெரியும். ரைஃபிளை அசையாமல் பிடிமானத்தில் இறுக்கி, ஒவ்வொரு அளவிலும் பத்துப் பத்தாக ஒரே இடத்தில் சுட்டு, அட்டையைக் கழற்றி, பின்புறம் தேதியும் டப்பாத் தொகுதி எண்ணும் எழுதி அடுக்கி வையுங்கள். ஒரு அட்டையில் பத்துக் குண்டும் சேர்ந்து ஒரே ஓட்டையாக இருக்கும், அடுத்ததில் ஓரம் கிழிந்து நீண்டிருக்கும். எந்த மேசையில் உட்கார்ந்து தோட்டா நிரப்புபவருக்கும் கிடைக்கும் அதே நிறைவு இதில் உண்டு. சட்டத்துக்கோ அக்கம்பக்கத்துக்கோ பயம் இல்லை.

### மறைந்திருக்கும் செலவுகள்

இறக்குமதிப் போட்டி ரைஃபிள் இரண்டு லட்ச ரூபாயைத் தாண்டும். இந்தியத் தயாரிப்புகள் அதில் ஒரு பகுதிக்குக் கிடைக்கின்றன, தொடங்க அவை போதும். அதோடு கணக்கு முடிவதில்லை. ஒரு முறைக்கு எண்பது பெல்லட் என்று வாரம் ஐந்து நாள் சுட்டால் நானூறு. ஒரு டப்பா ஒன்பது நாளில் காலி. கோட்டு, கால்சட்டை, காலணி, கையுறை என்று உடைக்கே பிறகு ஒரு பெரிய தொகை வரும். அதை முதல் வருடம் வாங்க வேண்டாம். உடம்பு தன் எலும்பில் நிற்கக் கற்ற பிறகு வாங்கினால்தான் பயன்.

காற்று எங்கிருந்து வரும் என்பதை ரைஃபிள் வாங்கும் முன் முடிவு செய்யுங்கள். கைப்பம்பு மலிவு. ஆனால் நம் கடற்கரைக் காற்றில் ஈரம் அதிகம். அது சிலிண்டருக்குள் போய்த் தங்கி உள்ளே அரிக்கும். ஈரம் பிடிக்கும் வடிகட்டி இல்லாத பம்பை இங்கே வாங்கவே கூடாது. புதுச்சேரிக்காரருக்கு ஒரு வசதி: கடலடியில் மூழ்கக் கற்றுத்தரும் டைவிங் பள்ளிகள் ஊரில் உண்டு. அவர்களிடம் உலர்ந்த சுவாசக் காற்று நிரப்பும் கம்பிரசர் இருக்கும். சொந்தமாக ஒரு டைவிங் சிலிண்டர் வைத்துக்கொண்டு அங்கே நிரப்பித் தருவார்களா என்று முதலில் கேளுங்கள். பல ரைஃபிள் சிலிண்டர்கள் 200 பார் அழுத்தத்துக்கானவை. எழுதியிருக்கும் அளவைத் தாண்டக் கூடாது. மருத்துவ ஆக்சிஜனை எந்தக் காரணத்துக்காகவும் நிரப்பக் கூடாது. எண்ணெய்ப் பசையோடு சேர்ந்தால் வெடிக்கும்.

உப்புக் காற்று குழலையும் விடாது. சுட்டு முடித்ததும் வெளி இரும்பை எண்ணெய்த் துணியால் துடைத்து, பெட்டிக்குள் சிலிகா ஜெல் போட்டு வையுங்கள். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் பஞ்சுப் பெட்டிக்குள் பூட்டியே வைப்பது துருவுக்கு அழைப்பு. வாரம் ஒருமுறையாவது திறந்து காற்றாட விடுங்கள்.

## ஸ்பிரிங் ஏர் ரைஃபிள்

குழலை மடித்து ஸ்பிரிங்கை இறுக்கிச் சுடுவது. பத்தாயிரம் ரூபாய் சுற்றித் தொடங்கலாம், காற்று நிரப்பும் தொல்லை இல்லை, உரிம விதி முன்னே சொன்னதேதான். ஆனால் பெல்லட் குழலை விட்டு வெளியேறும் முன்பே உள்ளே பிஸ்டன் ஓடி அடித்து ரைஃபிளை அசைத்துவிடுகிறது. பிடிமானம் கொஞ்சம் மாறினாலும் குண்டு இடம் மாறும். பொறுமையாகப் பழகுபவருக்கு விசை இழுத்தபின் அசையாமல் நிற்கும் ஒழுக்கத்தை இது கற்றுத்தரும். அவசரக்காரருக்கு வெறுப்பைத் தரும். பெல்லட் இல்லாமல் சும்மா விசை இழுத்தால் பிஸ்டன் கெட்டுவிடும். தொலைநோக்கி பொருத்தினால் அதிர்வில் தளரும். 60 சுடும் போட்டியில் பிசிபிக்கு ஈடு கொடுக்க முடியாது.

இதை வாங்கியவர்களில் சிலர் ஒரு வாரத்தில் அட்டையை விட்டுவிட்டு மரத்தைப் பார்க்கத் தொடங்குகிறார்கள். ஊசுட்டேரிப் பக்கம் இருப்பவர்களுக்கு அழுத்திச் சொல்கிறேன்: 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பறவையைச் சுடுவதைக் குற்றமாக்கியிருக்கிறது. தெரு நாயைச் சுடுவதும் குற்றமே. அந்த எண்ணம் உள்ளவர் எதையும் வாங்க வேண்டாம்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | வீட்டில் தோட்டா நிரப்புதல் | .22 ரைஃபிள் | பிசிபி ஏர் ரைஃபிள் | ஸ்பிரிங் ஏர் ரைஃபிள் |
|---|---|---|---|---|
| சட்டம் | தயாரிப்பு உரிமம் இல்லாமல் குற்றம் | ஆயுத உரிமம், அல்லது கிளப் ரைஃபிள் | எல்லைக்குள் இருந்தால் உரிமம் வேண்டாம் | எல்லைக்குள் இருந்தால் உரிமம் வேண்டாம் |
| வீட்டில் | வெடிபொருள் ஆபத்து | வீட்டில் சுட முடியாது | 12 மீட்டர் இருந்தால் நல்லது | 12 மீட்டர், சத்தம் கொஞ்சம் அதிகம் |
| பெரிய செலவு | கருவிகள் | பயணம், தோட்டா, கிளப் | ரைஃபிள், காற்று, உடை | ஸ்பிரிங் மாற்றம் |
| வாரப் பயிற்சி | பொருந்தாது | ரேஞ்ச் நாள் மட்டும் | தினமும் | தினமும் |
| துல்லியத்துக்கான வேலை | இங்கே வழியில்லை | தொகுதித் தேர்வு | பெல்லட் சோதனை | ஓரளவு |
| போட்டிப் பாதை | ஒலிம்பிக் ரைஃபிளில் இல்லை | 50 மீட்டர் மூன்று நிலை | 10 மீட்டர், ஒலிம்பிக் வரை | தொடக்க நிலை |

## யாருக்கு எது

பள்ளி, கல்லூரிப் பிள்ளைக்கு: ரைஃபிளே வாங்காதீர்கள். முதல் ஆறு மாதம் பயிற்சியகத்தின் பிசிபியில் சுடட்டும். உயரமும் தோளும் வளர்ந்துகொண்டிருக்கும். இன்று அளவெடுத்த ரைஃபிள் கட்டை (தோளில் பதியும் பகுதி) நாளை பொருந்தாது. போட்டி விதிப்படி ரைஃபிள் 5.5 கிலோ வரை இருக்கலாம், அந்தப் பாரத்தை ஒல்லியான பிள்ளையின் முதுகில் சீக்கிரம் ஏற்றுவதில் எனக்கு உடன்பாடில்லை.

வேலைக்குப் போகும் நாற்பது வயதுக்காரருக்கு: வீட்டில் நீளம் இருந்தால் இந்தியத் தயாரிப்பு பிசிபி. நீளம் இல்லை, பணமும் இப்போது இல்லை என்றால் ஸ்பிரிங் ரைஃபிளில் ஒரு வருடம். அதற்குள் ஆர்வம் நிலைக்கிறதா என்று தெரிந்துவிடும்.

வெளிநாட்டில் தோட்டா நிரப்பிப் பழகிவிட்டு ஊரோடு வந்துவிட்டவருக்கு: நல்ல பிசிபி, ஒரு மில்லிகிராம் தராசு, நான்கு தலை அளவில் பெல்லட். உங்கள் பழைய குறிப்பேட்டு ஒழுக்கம் இங்கே முதல் நாளிலிருந்தே பயன்படும். இரண்டாம் வருடம் கிளப்பில் .22 பிடித்துப் பாருங்கள்.

கிளப் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது, பயிற்சியாளர் நல்லவர் என்றால்: இரண்டையும் சேர்த்தே தொடங்கலாம். வாரநாளில் வீட்டில் ஏர் ரைஃபிள், ஞாயிற்றுக்கிழமை கிளப் .22. படுத்துச் சுடும் நிலையில் தொடங்கினால் .22-க்குக் கை சீக்கிரம் பழகும்.

பழைய பிசிபி வாங்க நினைப்பவர் குழலைப் பார்க்கும் முன் சிலிண்டரைக் கழற்றிப் பாருங்கள். பல தயாரிப்பாளர்கள் அதற்கு 10 ஆண்டு ஆயுள் குறித்து, தேதியை அதிலேயே பொறித்திருப்பார்கள். அது கடந்திருந்தால் போட்டியில் கருவிப் பரிசோதனையில் சிக்கல் வரும், வீட்டிலும் அதை நம்பி அழுத்தம் ஏற்றக் கூடாது. புதுச் சிலிண்டரின் விலையையும் அது வந்துசேரும் காலத்தையும் விசாரித்து, பேசும் விலையில் கழித்துக்கொண்டு பிறகு முன்பணம் கொடுங்கள்.